இன்ஜினை எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள்?

பிரிட்டிஷ் குகைக் கதை முதல் கிளன்மார்கன் விஞ்ச் வரை: ரகசிய ரயில்களைத் தேடி ஒரு மலைப் பயணம்

மேட்டுப்பாளையம் ரயில் நிலையம், காலை ஏழு மணி. சென்னையிலிருந்து ராத்திரி முழுக்க ஓடிவந்த நீலகிரி எக்ஸ்பிரஸ் இறக்கிவிட்ட கூட்டம், மலை ரயிலின் நீலப் பெட்டிகளை மொய்த்துக்கொண்டிருக்கிறது. செல்போனை உயர்த்திப் பிடித்தபடி ஒரு பட்டாளம் ரயிலின் முன்பக்கத்துக்கு ஓடுகிறது, நீராவி இன்ஜினோடு செல்ஃபி எடுக்க. போய்ப் பார்த்தால் அங்கே இன்ஜின் இல்லை. மலையைப் பார்த்தபடி ஒரு பெட்டி. அதன் முகப்பில் திறந்த மேடை. மேடையில் பச்சை, சிவப்புக் கொடிகளோடு பிரேக்ஸ்மேன்.

“அண்ணா, இன்ஜின் இன்னும் மாட்டலையா?”

“பின்னாடி நிக்குது பாருங்க. அதுதான் தள்ளும்.”

பட்டாளம் வந்த வழியே திரும்பி ஓடுகிறது. 7.10-க்கு வண்டி புறப்பட வேண்டும்.

இன்ஜின் பின்னால் நிற்பதற்குக் காரணம் எளிது. கல்லாறு தாண்டியதும் பாதை பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி வீதம் ஏறத் தொடங்கும். அந்த ஏற்றத்தில் பெட்டிகளை முன்னாலிருந்து இழுத்து, இடையில் இணைப்பு அறுந்துபோனால் பெட்டிகள் கல்லாறு நோக்கி உருளும். இன்ஜின் கீழ்ப்பக்கம் இருந்தால் அதுவே தடுப்பு. இந்த விளக்கத்தைக் கேட்ட பிறகும் சிலர் நம்புவதில்லை. எங்கோ இன்னொரு இன்ஜின் இருக்கிறது, நமக்குக் காட்டவில்லை என்ற சந்தேகம் அவர்கள் முகத்திலேயே தெரியும்.

அந்தச் சந்தேகத்துக்கு உலகம் முழுக்கச் சொந்தக்காரர்கள் உண்டு. கண்ணில் படாத ரயிலைப் பற்றிப் பேசுவது ரயில் ரசிகர்களின் பழைய பொழுதுபோக்கு. பாதி கேலி, பாதி நம்பிக்கை. எந்தப் பாதி எங்கே முடிகிறது என்று அவர்களைக் கேட்டாலும் சொல்ல மாட்டார்கள்.

ஒரு குகை, ஒரு வதந்தி

1968 ஆகஸ்ட் 11. பிரிட்டிஷ் ரயில்வே தன் முதன்மைப் பாதைகளில் கடைசி நீராவிச் சிறப்பு ரயிலை ஓட்டி முடித்தது. அதோடு அந்தப் பாதைகளில் நீராவிக்குத் தடையும் போட்டது. ஆயிரக்கணக்கான இன்ஜின்கள் பழைய இரும்பு வியாபாரிகளிடம் போயின. எந்த எண் எந்த யார்டில் எந்தத் தேதியில் உடைக்கப்பட்டது என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைக்கும் ரசிகர்கள் அங்கே ஏராளம். அவர்களுடைய குறிப்புகளிலேயே ஓட்டைகள் இருந்தன. ஒரே இன்ஜினை இரண்டு இடங்களில் உடைத்ததாகச் சிலர் எழுதியிருந்தார்கள். சில எண்கள் எந்த யார்டிலும் தட்டுப்படவில்லை.

அந்த ஓட்டைகளில் முளைத்ததுதான் ‘ரகசியக் கையிருப்பு’ கதை. அணுகுண்டுப் போர் வந்தால் மின்சாரம் இருக்காது, டீசல் இருக்காது. அன்று நாட்டை ஓட்ட நல்ல நிலையில் உள்ள நீராவி இன்ஜின்களை அரசாங்கம் பூமிக்கடியில் பதுக்கி வைத்திருக்கிறது என்றார்கள். இடமும் குறித்தார்கள்: லண்டன் - பிரிஸ்டல் பாதையில் பொறியாளர் புரூனல் கட்டி 1841-ல் திறக்கப்பட்ட பாக்ஸ் குகை.

ஏன் அந்தக் குகை? அதன் கிழக்கு வாசலை ஒட்டி இன்னொரு சிறிய வாசல் இருந்தது. அதற்குள் தண்டவாளம் போனது. அது உண்மை. கல் வெட்டியெடுத்த பழைய குவாரிகளை இரண்டாம் உலகப்போரை ஒட்டி வெடிமருந்துக் கிடங்காக்கி, உள்ளேயே ரயில் நடைமேடை கட்டியிருந்தார்கள். பிற்பாடு அதே குவாரிப் பகுதியில், 1950-களின் இறுதியில், அணுப்போர் வந்தால் மத்திய அரசே இறங்கி வாழ்வதற்கு நான்காயிரம் பேருக்கான நிலத்தடி நகரம் ஒன்றைக் கட்டினார்கள். 2004 டிசம்பர் வரை அது ராணுவ ரகசியம்.

ஆக, ரசிகர்கள் சந்தேகப்பட்ட இடத்தில் ரகசியம் இருக்கத்தான் செய்தது. இன்ஜின்தான் இல்லை! அரசாங்கம் மறைத்ததை விட்டுவிட்டு, மறைக்காததைத் தேடியிருக்கிறார்கள்.

■ பெட்டிச் செய்தி: நிஜமாகவே பதுக்கியவர்கள்

பிரிட்டனில் கேலிக்கதையாக இருந்தது ஸ்வீடனில் அரசுத் திட்டம். மின்சார ரயில்களை மட்டும் நம்பினால் போர்க்காலத்தில் மாட்டிக்கொள்வோம் என்று கருதிய அந்நாடு, நீராவி இன்ஜின்களைப் பழுதுநீக்கி, கொட்டகைகளில் பூட்டிப் பல ஆண்டுகள் பாதுகாத்தது.

சோவியத் ஒன்றியமும் அப்படியே. பயணிகள் அதிகம் கடக்காத இடங்களில் வரிசை வரிசையாக இன்ஜின்கள் கையிருப்பில் நின்றன. பனிப்போர் முடிந்த பிறகு அவற்றில் பல அருங்காட்சியகங்களுக்கும் சுற்றுலா ரயில்களுக்கும் போய்ச் சேர்ந்தன.

போலந்தில் வால்ப்ஷிக் நகரத்துக்கு அருகே, 1945-ல் நாஜிகள் தங்கம் நிரப்பிப் புதைத்த ரயிலைக் கண்டுபிடித்துவிட்டதாக 2015-ல் இருவர் அறிவித்தார்கள். 99 சதவீதத்துக்கு மேல் உறுதி என்று அமைச்சரக உயரதிகாரியே சொன்னார். 2016 ஆகஸ்டில் தோண்டினார்கள். மண்தான் வந்தது.

கதைக்குத் தோதான மலை

பாக்ஸ் குகைக் கதையைக் கட்டிய ஆசாமி குன்னூரில் பிறந்திருந்தால் எங்கே கை காட்டியிருப்பார்? எனக்குச் சந்தேகமே இல்லை: அருவங்காடு.

குன்னூரிலிருந்து உதகை போகும் பாதையில் முதல் நிலையம் வெலிங்டன். முப்படை அதிகாரிகள் படிக்கும் கல்லூரியும் மெட்ராஸ் ரெஜிமெண்டின் மையமும் உள்ள கண்டோன்மென்ட். அடுத்த நிலையம் அருவங்காடு. பிரிட்டிஷ்காரர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவிய வெடிமருந்துத் தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது. அந்தக் காலத்திலிருந்து இன்றுவரை ‘கார்டைட் ஃபேக்டரி’ என்றே ஊரார் சொல்கிறார்கள். முள்வேலி, காவல், அனுமதிச் சீட்டு, மூடுபனி, கற்பூர மரக் காடு. ரகசிய ரயிலுக்கு இதைவிட நல்ல மேடையை எந்த சினிமாக் கலை இயக்குநரும் போட்டுத் தர முடியாது.

ஆனால் கதை நிற்காது. நீலகிரி மலை ரயில் ஒரு தனித் தீவு. மீட்டர்கேஜ் பாதை மேட்டுப்பாளையத்தில் முடிகிறது. அங்கிருந்து கோவைக்கு அகலப்பாதை. தமிழ்நாட்டின் மற்ற மீட்டர்கேஜ் பாதைகளையெல்லாம் அகலமாக்கிவிட்டார்கள். பாதையில் 16 குகைகள் இருந்தாலும் எல்லாம் சின்னவை. உள்ளே நுழைந்ததும் பெட்டிகளில் கிளம்பும் கூச்சல் அடங்குவதற்குள் மறுபக்கத்து வெளிச்சம் வந்துவிடும். இந்த மலைக்கு ஓர் இன்ஜின் வர வேண்டுமானாலும் பழுதுபார்க்கப் போக வேண்டுமானாலும் டிரெய்லர் லாரியில் ஏற்றி, நெடுஞ்சாலை வழியாக, வழிநெடுக டீக்கடைக்காரர்கள் வேடிக்கை பார்க்கத்தான் போயாக வேண்டும்.

கிளன்மார்கனில் ஒன்று இருக்கிறது

அப்படியானால் நீலகிரியில் மறைவு ரயிலே கிடையாதா? உண்டு. ரயில் ரசிகர்களில் பலர் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதுதான் வேடிக்கை.

உதகையிலிருந்து கூடலூர் சாலையில் போய்ப் பிரிந்தால் கிளன்மார்கன். தேயிலைத் தோட்டங்களும் சிறு நீர்த்தேக்கமும் உள்ள ஊர். அங்கே பீடபூமியின் விளிம்பிலிருந்து, கீழே மசினகுடிப் பக்கம் சிங்காரா மின்நிலையம் வரை, மலைச்சரிவில் தண்டவாளம் இறங்குகிறது. நீளம் சுமார் மூன்று கிலோமீட்டர். இன்ஜின் கிடையாது. மேலே இருக்கும் விஞ்ச் இயந்திரம் இரும்புக் கயிற்றைச் சுற்றி, பெட்டியை இறக்கும், ஏற்றும்.

1932-ல் இயங்கத் தொடங்கிய பைக்காரா நீர்மின் திட்டத்தோடு பிறந்த ஏற்பாடு இது. ஏறக்குறைய மூவாயிரம் அடி உயரத்திலிருந்து குழாய் வழியாகத் தண்ணீரை விழவைத்து மின்சாரம் எடுப்பது அந்தத் திட்டத்தின் சூட்சுமம். அத்தனை உயர வித்தியாசத்தில் ஆட்களும் தளவாடங்களும் போய்வர வழி வேண்டுமே! சாலை வழியாகப் போனால் மலையையே சுற்ற வேண்டும். விஞ்ச் குறுக்கே இறங்கிவிடும்.

மின்வாரிய ஊழியர்களுக்கான வண்டி அது. டிக்கெட் கவுன்டர் இல்லை, ரயில்வே கால அட்டவணையில் பெயர் இல்லை. தினம் உதகைக்கு வரும் ஆயிரக்கணக்கான சுற்றுலாப் பயணிகளில் பெரும்பாலோருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ரகசிய ரயிலுக்கு ரசிகர்கள் சொல்லும் இலக்கணம் அத்தனையும் பொருந்துகிறது. குறை ஒன்றுதான்: யாரும் அதை மறைக்கவில்லை. தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் வண்டியைச் சுற்றிக் கதை கட்டுவது கஷ்டம்.

தொலைந்தவை, கிடைத்தவை

கதை வளர வேண்டுமானால் ஒரு ரயில் தொலைய வேண்டும். தமிழர்களுக்கு அது நன்றாகவே தெரியும். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் அடித்தபோது, பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோனது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அறுபது ஆண்டுகள் கழித்தும், அந்த மணல்வெளியில் ராத்திரி விசில் சத்தம் கேட்கும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கதையைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. உடல்கள் கிடைக்காத குடும்பங்கள் இருந்த இடம் அது.

தேயிலைத் தோட்டத்து ரயில் ஒன்றும் இப்படித் தொலைந்தது. மூணாறில் 1902-ல் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடுகள் இழுக்கும் வண்டியாகத் தொடங்கி, 1908-ல் இரண்டடி அகலப் பாதையாக மாறிய குண்டளை பள்ளத்தாக்கு ரயில்வே, தேயிலைப் பெட்டிகளை டாப் ஸ்டேஷன் வரை கொண்டுபோகும். அங்கிருந்து ரோப்வேயில் மலையடிவாரம், பிறகு போடிநாயக்கனூர். சுமந்ததும் ஏற்றியதும் இறக்கியதும் பெரும்பாலும் இங்கிருந்து போன தமிழ்த் தொழிலாளர்கள். 1924 ஜூலை வெள்ளம் அந்தப் பாதையை அடித்துக்கொண்டு போனது. மறுபடி கட்டவில்லை. டாப் ஸ்டேஷன் என்ற பெயரைக் கேட்டுவிட்டு ‘ஸ்டேஷன் எங்கே?’ என்று தேடும் சுற்றுலாப் பயணிகளை இன்றும் பார்க்கலாம். மூணாறின் பழைய ரயில் நிலையக் கட்டடம் தேயிலை நிறுவன அலுவலகமாக நிற்கிறது. பரம்பிக்குளம் காட்டிலிருந்து தேக்கு மரங்களைச் சாலக்குடிக்கு இறக்கிய கொச்சி சமஸ்தான வன டிராம்வேயும் 1963-ல் நின்று, காட்டுக்குள் கரைந்துபோனது.

கதை நிஜமான சம்பவமும் ஒன்று உண்டு. பட்டியாலா சமஸ்தானத்தில் 1907 முதல் 1927 வரை ஒற்றைத் தண்டவாள ரயில் ஓடியது. நின்ற பிறகு எல்லோரும் மறந்தார்கள். 1962-ல், ரயில் ஆர்வலர்கள் விசாரித்துக்கொண்டே போனபோது, கிடங்கு ஒன்றில் அதன் இன்ஜின்கள் துருப்பிடித்துக் கிடந்தன. ஒன்றைப் பழுதுபார்த்து ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். இப்போது டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த இன்ஜினைப் பதுக்க யாரும் சதி செய்யவில்லை. ஏலம் விட ஆளில்லை, அவ்வளவுதான். நம் ஊர்களில் ரகசியத்தைவிட மறதிக்கு ஆயுள் அதிகம்.

ஓடாத காலத்தில் ஓடிய ரயில்

நீலகிரியில் ரயில் வதந்திக்கு நிஜமான விளைவு ஏற்பட்டது 2020 டிசம்பரில். கொரோனாவால் மார்ச் மாதம் நின்ற மலை ரயில் அப்போதும் தொடங்கவில்லை. திடீரென்று ஒரு நாள் மேட்டுப்பாளையத்திலிருந்து ரயில் கிளம்புகிறது. பெட்டிகளில் ‘டி.என். 43’ என்று உதகையின் வாகனப் பதிவு எண். பணிப்பெண்கள் வரவேற்கிறார்கள். டிக்கெட் 3,000 ரூபாய்!

மலை ரயிலைத் தனியாருக்கு விற்றுவிட்டார்கள் என்று செய்தி தீயாகப் பரவியது. அரசியல் கட்சிகள் கண்டன அறிக்கை விட்டன. தனியார் நிறுவனம் ஒன்று முழு ரயிலையும் வாடகைக்கு எடுத்து ஓட்டிய ஏற்பாடு மட்டுமே இது, விற்பனை அல்ல என்று தெற்கு ரயில்வே விளக்கம் கொடுத்தது. டிசம்பர் 31 அன்று வழக்கமான சேவை திரும்பியது. பழைய கட்டணமே இருந்தது.

வதந்தி பொய்தான். ஆனாலும் அதை நம்பியவர்களை முட்டாள்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஒன்பது மாதம் ஊர்க்காரனுக்கு ஓடாத ரயில், மூவாயிரம் கொடுப்பவனுக்கு ஓடுகிறது என்றால் கேள்வி வரத்தான் செய்யும். விளக்கம் ரயிலுக்கு முன்னால் வந்திருக்க வேண்டும், பின்னால் வந்தது.

ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையிலும் இதே கதையின் சிறு பதிப்பு ஓடுகிறது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே மண் சரியும், பாறை உருளும், மரம் விழும். சேவை ரத்து. நாள் கூடக் கூட ‘இனி ஓடாதாம்’ என்ற பேச்சு குன்னூர் பஸ் ஸ்டாண்ட் வரை வந்துவிடும். 2009 நவம்பரில் மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட மழை, இந்தப் பாதையையும் பல இடங்களில் சிதைத்தது. அப்போதும் இதே பேச்சுதான்.

■ பெட்டிச் செய்தி: மலை ரயில், ஒரே பார்வையில்

தூரம்: மேட்டுப்பாளையம் - உதகை, 45.88 கி.மீ.
உயரம்: 326 மீட்டரிலிருந்து 2,203 மீட்டருக்கு
வளைவுகள் 208, பாலங்கள் 250, குகைகள் 16
குன்னூர் வரை திறப்பு: 1899. உதகை வரை: 1908
யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில்: 2005
வேகம்: கல்லாறு - குன்னூர் பல்சக்கரப் பகுதியில் மணிக்கு 13 கி.மீ., மற்ற இடங்களில் 30 கி.மீ.
இந்தியாவின் ஒரே பல்சக்கர ரயில் பாதை

சும்மா நிற்கும் இன்ஜின் என்ன ஆகும்?

ரகசியக் கையிருப்புக் கதையில் எனக்குப் பிடித்த அம்சம், அதில் யாருக்கும் செலவே இல்லை என்பது. குகைக்குள் இன்ஜினை நிறுத்துகிறார்கள், கதவைச் சாத்துகிறார்கள், இருபது வருஷம் கழித்துத் திறந்து நெருப்பு மூட்டுகிறார்கள், புகை விட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறது. குன்னூர் லோகோ ஷெட்டில் ஒரு நாள் வேலை பார்த்தவர் இதைக் கேட்டால் சிரிப்பார்.

நீராவி இன்ஜினின் உயிர் கொதிகலன். ஈரத்தோடு சும்மா நின்றால் குழாய்கள் அரிக்கும். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை நடத்திச் சான்றிதழ் வாங்காமல் நெருப்பு மூட்ட முடியாது. வழியில் தண்ணீர் பிடிக்கத் தொட்டிகள் வேண்டும். ஹில்குரோவில் வண்டி நின்று மூச்சு வாங்குவது அதற்குத்தான். எல்லாவற்றுக்கும் மேல், அந்த ரக இன்ஜினை ஓட்டத் தெரிந்த டிரைவரும் ஃபயர்மேனும் வேண்டும்.

நீலகிரியின் ‘எக்ஸ்’ ரக இன்ஜின் அதிலும் தனி ஜாதி. ஸ்விட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத் தொழிற்சாலையில் 1914-க்கும் 1925-க்கும் இடையே 12, 1952-ல் 5 என்று மொத்தம் 17 வந்தன. ஒவ்வொன்றிலும் நான்கு சிலிண்டர்கள். இரண்டு சிலிண்டர்கள் சாதாரணச் சக்கரங்களைச் சுழற்றும். கல்லாறு தாண்டியதும், அவற்றிலிருந்து வெளியேறும் நீராவியே மற்ற இரண்டுக்குள் போய், நடுவில் உள்ள பல் தண்டவாளத்தைப் பற்றி ஏறும் பல்சக்கரங்களைச் சுழற்றும். ஒரே இன்ஜினுக்குள் இரண்டு இன்ஜின்கள்.

உதிரிபாகத்துக்குக் கடை கிடையாது. நிலக்கரியில் போதிய நீராவி ஏறாமல் வண்டி நடுக்காட்டில் நிற்பது ஒரு காலத்தில் வாடிக்கை. 2002-ல் எண்ணெயில் எரியும் அடுப்புக்கு மாற்றத் தொடங்கினார்கள். நிலக்கரிப் புகையின் வாசனை போயிற்றே என்று ரசிகர்களில் ஒரு சாரார் வருந்தினார்கள். நேரத்துக்கு உதகை போய்ச் சேர்ந்த பயணிகள் வருந்தியதாகத் தெரியவில்லை.

அடுத்து நடந்ததை எந்த ரசிகரும் கற்பனை செய்திருக்க மாட்டார். இந்தியாவில் கடைசி மீட்டர்கேஜ் நீராவி இன்ஜின் சித்தரஞ்சனில் தயாரானது 1972-ல். அதன் பிறகு நாடு முழுக்க நீராவியை ஒழித்துக்கட்டுவதுதான் வேலையாக இருந்தது. ஏறக்குறைய நாற்பது வருஷம் கழித்து, 2011-ல், திருச்சி பொன்மலை ஒர்க்‌ஷாப் புத்தம் புதிய ‘எக்ஸ்’ இன்ஜினைக் கட்டி வெளியே தள்ளியது! தொடர்ந்து இன்னும் சில. 2021-ல் நிலக்கரியிலேயே ஓடும் ஒன்றும் வந்தது. உலகமெங்கும் ரசிகர்கள் பழைய இன்ஜினைக் குகையில் தேடிக்கொண்டிருந்த காலத்தில், பொன்மலைத் தொழிலாளர்கள் புதிதாகச் செய்து லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

கைத்தொழில் அறுந்துபோகாமல் இருந்ததால் இது முடிந்தது. 1928 முதல் இன்ஜின்களைப் பிரித்துச் சேர்த்துவரும் இடம் பொன்மலை. மலை ரயில் நாளும் ஓடியதால், அதன் இன்ஜின்கள் நாளும் பழுதானதால், கொதிகலன் வேலையும் சிலிண்டர் வேலையும் தெரிந்த கைகள் மிச்சமிருந்தன. 1990-களில் நஷ்டக் கணக்குக் காட்டி மலை ரயிலை மூடியிருந்தால், 2011-ல் எத்தனை வரைபடம் கிடைத்திருந்தாலும் கட்டியிருக்க முடியுமா என்பது என் சந்தேகம்.

ஹைட்ரஜன் வந்தால்?

பாரம்பரிய ரயில் பாதைகளில் ஹைட்ரஜன் ரயில்களை விடும் திட்டத்தை மத்திய ரயில்வே அமைச்சகம் அறிவித்திருக்கிறது. மொத்தம் 35 ரயில்கள். ஒரு ரயிலுக்கு 80 கோடி ரூபாய், ஒவ்வொரு பாதையின் அடிப்படை வசதிகளுக்கு 70 கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்தில் மதிப்பீடும் சொன்னார்கள். மலை ரயில்கள் அந்தப் பேச்சில் அடிபடுகின்றன.

குன்னூருக்கும் உதகைக்கும் இடையே அது சாத்தியம்தான். அங்கே பல் தண்டவாளம் இல்லை; இப்போதே டீசல் இன்ஜின்தான் ஓடுகிறது. கல்லாறு - குன்னூர் ஏற்றத்துக்குப் பல்சக்கரம் பொருத்திய வண்டி வேண்டும், பிரேக் பிடிக்கவும் அதே பல்லைத்தான் நம்ப வேண்டும். அப்படியொன்றை வடிவமைத்து ஓட்டிக் காட்டும்வரை ‘எக்ஸ்’ இன்ஜின்களுக்கு வேலை இருக்கும்.

காட்டியும் விட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்கு ஒவ்வொரு இன்ஜினும் எங்கே போகிறது, எந்த ஷெட்டில், யார் பொறுப்பில், எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை கொதிகலன் சோதனையோடு நிற்கப் போகிறது என்று எண் வாரியாகப் பட்டியல் போட்டு ரயில்வே வெளியிட வேண்டும். மேட்டுப்பாளையத்திலும் உதகையிலும் அதை ஒட்டி வைக்க வேண்டும். பட்டியலில் ஓர் எண் விட்டுப்போனாலும் போதும், அருவங்காட்டுக் கற்பூர மரங்களுக்குப் பின்னால் அதைத் தேடிக்கொண்டு நம் ரசிகர்கள் டார்ச் லைட்டோடு கிளம்பிவிடுவார்கள்.